கொடிக்குக் கொண்டுபோன கயிறு

என் தங்கையின் கணவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட பொருள் பத்து மீட்டர் கயிறு. நான் கொச்சி மட்டாஞ்சேரியில் கயிறு விற்கிறவன். தேங்காய்நார்க் கயிறு, நைலான் கயிறு, தார்ப்பாய், வலை, படகு கட்டும் வடம் எல்லாம் என் கடையில் உண்டு. உள்ளே வருகிற யாரும் ஏதாவது ஒரு கயிற்றுச் சுருளில் கால் தட்டாமல் வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவனிடம் ஒரு மனிதர் மூன்று வாரம் கயிறு கேட்டு நடந்தார் என்றால் குற்றம் கயிற்றின் மேல் இல்லை.

அவர் எனக்கு மச்சான் ஆவதற்கு முன்பே கூட்டாளி. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே அடியை இரண்டாகப் பிரித்து வாங்கியவர்கள் நாங்கள். கலூரில் ஒரு செடிக்கடையிலிருந்து பேஷன் ஃப்ரூட் கன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, பழைய பெயின்ட் வாளியில் நட்டு, வீட்டின் பின்முற்றத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பந்தல் போட வேண்டும். அதற்குக் கயிறு வேண்டும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. போனில் நேராகப் பேசிக்கொள்ள மாட்டோம். சில நாள் நான் அவர் குரலில் பேசுவேன், அவர் என் குரலில் பேசுவார். பொய் சொல்லாமல் ஒருவரை ஒருவர் எங்கேயும் வரவழைத்ததில்லை. கயிறு கேட்டதும் பொய் சொல்லித்தான்.

"மச்சான், வீட்ல தீ புடிச்சிருச்சு. கயிறு கொண்டா, இறங்கணும்."

"உன் வீடு தரையில இருக்கு மச்சான்."

மறுநாள் மறுபடி போன். "மச்சான், கிணத்துல விழுந்துட்டேன். சீக்கிரம் கயிறு கொண்டா."

"உன் வீட்ல ஏது கிணறு?"

"அடுத்த வீட்டுக் கிணறு."

"போனை மட்டும் நனையாம எப்படி வச்சிருக்கே?"

"ஒரு கையைத் தூக்கிப் புடிச்சிருக்கேன். கை வலிக்குது, வாடா."

நான் போகவில்லை. கொண்டு போயிருந்தால் ஒரே நாளில் விளையாட்டு முடிந்திருக்கும். அதற்காகவே இழுத்தடித்தேன்.

பிறகு ஒரு நாள், பிற்பகல் அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், போன் வந்தது.

"மச்சான், நெஞ்சு வலிக்குது. நீ ஒண்ணு வா."

"வலிக்கட்டும். பத்து மீட்டரா, பதினஞ்சா?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். நானும் சிரித்தேன். வைத்துவிட்டேன். கடையில் சாயா வந்திருந்தது, குடித்தேன். தார்ப்பாய் வாங்க வந்தவர் ஒருவர் நீலமா பச்சையா என்று முடிவு செய்ய நேரம் எடுத்துக்கொண்டார், நானும் அவருக்கு இரண்டையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கடைசியில் இரண்டையும் வாங்காமல் போனார். போதும், இத்தனை தூரம் நடிக்கிறவனுக்குக் கயிறு கொடுத்துவிடலாம் என்று, கடையில் இருந்ததிலேயே நல்ல நைலான் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாசலிலிருந்தே கத்தினேன். "கயிறு வந்தாச்சு! செத்துக் கிடக்கிற மய்யித்தை எழுந்து உக்காரச் சொல்லு!"

தங்கை வீட்டில் இல்லை. அவள் தையல்காரி. லைனிங் துணி எடுக்க எர்ணாகுளம் போயிருந்தாள். மச்சான் பின்முற்றத்தில், சுவரில் சாய்ந்து, பெயின்ட் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. நான் அப்போதும் இரண்டு முறை அவர் தோளைத் தட்டி, "சரி சரி, நல்லா நடிக்கிறே, எழுந்திரு" என்றேன். தோளைத் தட்டிய கைக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் வெளியே வந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். மச்சானின் போன் என் கையில் இருந்தது. அதைத் திறக்கும் கோலம் எனக்குத் தெரியும். கடைசியாகப் பேசிய அழைப்பில் என் பெயர் இருந்தது. எத்தனையோ வருஷமாக என் போனில் நிரம்பிக் கிடக்கும் காலை வணக்கப் படங்களை அழிக்கத் தெரியாதவன் நான். அந்த ஒரு வரியை மட்டும் ஒரே தடவையில் அழித்தேன்.

தங்கை வந்து சேர்ந்தபோது முற்றத்தில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். அவளாகவே ஒரு கதையை முடித்துக்கொண்டாள். மய்யித்து எடுத்து அடக்கிய மறுநாள் வந்த பெண்களிடமெல்லாம் சொன்னாள்: "அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அண்ணன் அன்னைக்குக் கயிறோட வந்திருக்கான். ஆனா பாக்கறதுக்கு அவருக்குக் குடுப்பினை இல்லை." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், நன்றியோடு. அந்தப் பார்வைக்கு முன்னால் நின்றதுபோல என் வாழ்க்கையில் நான் எந்தத் தண்டனைக்கு முன்னாலும் நின்றதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். நாளை என்றேன். மூன்று வாரம் இழுத்தடிக்கத் தெரிந்தவனுக்கு நாளை என்பது பெரிய விஷயமா?

அவள் இத்தா இருந்தாள். புருஷன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் பெண் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது. கூடப்பிறந்தவன் என்பதால் நான் போய்ப் பார்க்கலாம். தினமும் போனேன். மீன் வாங்கிக் கொடுத்தேன், காஸ் சிலிண்டர் மாற்றினேன், பல்பு மாற்றினேன். எரிகிற பல்பையும் மாற்றினேன். அவளுக்கு வெளி உலகம் என்று மிச்சம் இருந்தது அந்தப் பின்முற்றத்து ஜன்னல்தான். அதில் அந்தக் கொடி.

கொஞ்ச நாளில் ஜன்னலுக்கு அருகே வெள்ளைச் சுவரில் நீலத்தில் புள்ளி புள்ளியாக அடையாளங்கள் தெரிந்தன. துணியில் கோடு போடும் தையல் சாக்பீஸால் போட்டது. நாள் எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

"எத்தனை நாளாச்சும்மா?" என்றேன் மெதுவாக.

"எந்தாண்ணே? இது நாள் இல்லை. இது அதோட விரல்."

கொடியிலிருந்து கம்பிபோல மெல்லிசாக நீண்டு நிற்குமே, அதற்குத் தமிழில் என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. நான் மலையாளத்தில் படித்தவன், அதையும் ஒழுங்காகப் படிக்காதவன். அவள் விரல் என்றாள், எனக்கும் அதுவே போதும். ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் அந்த விரலின் நுனி சுவரில் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி. மதிய லுஹருக்கு ஒரு இடம், பிற்பகல் அசருக்கு வேறு இடம். முதலில் காற்று ஆட்டுகிறது என்று நினைத்தாளாம். பிறகு ஒரு நாள் லுஹரிலிருந்து அசர் வரை தையலைத் தொடாமல் ஜன்னலிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அது தானாகவே சுற்றுகிறது. ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் ஒரு முழு வட்டம். கண் இல்லாதவர் கோலை வீசித் துழாவுவதுபோல, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று காலியான காற்றைத் துழாவிக்கொண்டே இருக்கிறது.

"ஒண்ணும் கிடைக்கலைன்னா?"

"அதோ பாரு." கீழே ஒரு பழைய விரலைக் காட்டினாள். யாரையும் பிடிக்காமல் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, பழுப்பாகக் காய்ந்து தொங்கியது. "துழாவித் துழாவி அலுத்துப்போய் அது இப்படி ஆயிருது."

அன்று கடைக்குப் போய், கடையிலேயே தடிமனான வடத்தைத் தேர்ந்தெடுத்தேன். மீன்பிடி போட்டுகளைக் கட்டுவது, என் மணிக்கட்டு அளவு இருக்கும். குற்றவுணர்ச்சி உள்ளவன் எதையும் அளவாகச் செய்வதில்லை. ஏணி போட்டு, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் வரை இழுத்துக் கட்டி, வியர்த்து நின்றேன்.

மறுநாள் அவள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். விரல் சுற்றி வந்து வடத்தைத் தொட்டது. நுனி கொஞ்சம் வளைந்தது. பாவம், வளைந்து வளைந்து பார்த்தது. அதன் சுற்றளவுக்குப் பிடி கிடைக்கவில்லை. சறுக்கி விழுந்தது. மறுபடியும் நிமிர்ந்து துழாவக் கிளம்பிவிட்டது.

"எதுக்குண்ணே இது? கப்பல் கட்டவா?" என்றாள் தங்கை. சிரித்தாள். மச்சான் போன பிறகு முதல் சிரிப்பு. உள்ளே போய்ப் பட்டன் கட்டும் தடித்த நூலை எடுத்து வந்து ஜன்னல் கம்பியிலிருந்து வடத்துக்கு நாலைந்து இழை கட்டினாள். அசருக்குள் ஒரு விரல் அந்த நூலை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது. கயிற்று வியாபாரத்தில் இருபத்தைந்து வருஷ அனுபவம் எனக்கு.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அவள் சொல்ல ஏதாவது வைத்திருந்தாள். பிடித்த விரல் சும்மா இருப்பதில்லை. நடுவில் தன்னை ஸ்பிரிங்போலச் சுருட்டிக்கொள்கிறது. பாதி ஒரு பக்கமாகவும் பாதி மறுபக்கமாகவும். அப்படிச் சுருட்டிக் கொடியையே மேலே இழுத்துக்கொள்கிறது. காற்று அடித்தால் ஸ்பிரிங் நீண்டு கொடுத்து மறுபடி சுருங்கும், அறுந்துபோகாது. அவள் பேசுவதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததால் சொல்லவில்லை. நாளை, அவள் இன்னும் கொஞ்சம் தேறட்டும். எனக்குச் சாக்கு ஒரு குறைவும் இல்லை.

ஒரு மழை நாள். நான் குடையை மடக்கி வைத்துவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலில் இருந்தபடி சொன்னாள்.

"அண்ணே, இங்கே வா. ஒரு தமாஷ் காட்டுறேன். இந்த மழை பெய்யுதே, இவ்வளவு தண்ணி அது மேல விழுது. வளையுதா பாரு."

வளையவில்லை. துளிகள் பட்டுத் தெறித்தன, விரல் நேராக நின்றது.

"தொடுறதையெல்லாம் அது புடிச்சுக்கணும்ல? மழையும்தான் தொடுது. ஆனா ஏமாறாது." ஒரு துண்டு நூலை எடுத்து, மூச்சுக்காற்று படுவதுபோல இலேசாக, விரலின் அடிப்பக்கத்தில் இரண்டு தடவை இழுத்தாள். "இப்போ பாரு. கண்ணை எடுக்காதே."

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த நுனி, யாரோ கூப்பிட்டுத் திரும்புவதுபோல, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைந்தது.

"நூலுக்கு என்ன கனம் இருக்கு? மழையில நூத்துல ஒரு பங்கு கூட இல்லை. ஆனாலும் தெரியுது. எது சும்மா விழுறது, எது நெசமா வந்து தொடுறதுன்னு. காது இல்லை, கண்ணும் இல்லை, கேட்டியா?"

நான் சாயா கிளாஸைக் கீழே வைத்தேன். இரண்டு காதும் இருக்கிறவனுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மச்சான் அன்னைக்கு எனக்குப் போன் பண்ணினாரு."

அவள் திரும்பினாள்.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரு. கயிறுக்காகப் பொய் சொல்றாருன்னு நினைச்சேன். நான் உடனே வரலை."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"எப்படிச் சொன்னாரு?"

"என்னது?"

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாருல்ல, எப்படிச் சொன்னாரு? நீதான் அவரு மாதிரியே பேசுவியே. அதே மாதிரி சொல்லு."

"வேண்டாம்மா."

"சொல்லுண்ணே."

கல்யாண வீடுகளில் நூறு பேர் நடுவில் நின்று அவர் குரலை எடுத்திருக்கிறேன். அவரே கைதட்டியிருக்கிறார். அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "மச்சான், நெஞ்சு வலிக்குது. நீ ஒண்ணு வா."

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை."

சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டாள். மூன்றாம் தடவை என் குரல் உடைந்துவிட்டது. "அப்படி இல்லை, முதல்ல சொன்ன மாதிரி" என்று திருத்தினாள். மறுபடியும் சொன்னேன்.

"நீ என்ன பதில் சொன்னே?"

"அது எதுக்கு இப்போ?"

"அவரு கடைசியாக் கேட்ட பேச்சு அதுதானே? எனக்குத் தெரியணும்."

"'வலிக்கட்டும். பத்து மீட்டரா, பதினஞ்சா?'"

என் குரலில் சொல்ல வேண்டியிருந்தது. அதை வேறு யார் குரலிலாவது சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கேட்டாள். "அவரு போன்ல அன்னைக்கு உன் பேரே இல்லையே. நான் எத்தனையோ தடவை பாத்தேனே."

"அழிச்சிட்டேன்."

"எப்போ?"

"ஆஸ்பத்திரில."

அவள் நூல் துண்டைச் சுருட்டித் தையல் பெட்டியில் வைத்தாள். சாயா கிளாஸை எடுத்துப்போய்க் கழுவினாள். அதை அவ்வளவு நேரம் கழுவ ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போ" என்றாள். "நாளைக்கு வராதே. அண்ணியை அனுப்பு."

அதற்குப் பிறகு என் மனைவிதான் போய் வந்தாள். மீன் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். என்ன சொன்னாள் என்று கேட்பேன். "ஒண்ணும் சொல்லலை, மீன் நல்லா இருந்துச்சுன்னு சொன்னா" என்பாள் மனைவி. நான் வாங்கியது என்று தெரிந்தும் சாப்பிட்டிருக்கிறாள் என்று அதிலேயே இரண்டு நாள் பிழைப்பேன். இத்தா முடிந்து அவள் தையல் மிஷினை மறுபடி தன் தையல்கடைக்குக் கொண்டுபோன நாளில் எல்லாரும் போனார்கள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு ஆட்டோக்காரரோடு தேவையில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

கொடி கூரையைத் தொட்டு, காய்த்ததாம். பழம் ஒரு கூடை எங்கள் வீட்டுக்கும் வந்தது. மனைவி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். என்னால் குடிக்க முடியவில்லை. புளிப்பு என்று பழியைப் பழத்தின் மேல் போட்டேன்.

நான் இப்போது போனில் தமாஷ் பேசுவதில்லை. யார் எதைச் சொன்னாலும் நம்புகிறேன். லாட்டரி விழுந்திருக்கிறது என்று சொன்னவனையும் நம்பி விலாசம் வரை கொடுத்துவிட்டேன், மனைவி போனைப் பிடுங்கி வைத்தாள். அளவாக எதையும் செய்யத் தெரியாத ஜென்மம்.

போன மாதம் ஒரு மதியம், தங்கையின் பெயர் போனில் வந்தது. மச்சான் போய் ஒரு வருஷம் நெருங்கியிருந்தது.

"அண்ணே, வா" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

கயிறு அளந்துகொண்டிருந்தேன். ஒரு நுனியை வாங்க வந்தவர் பிடித்திருந்தார், என் கையிலிருந்த நுனியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவர் பின்னாலிருந்து "எந்து பற்றி இக்கா?" என்று, என்ன ஆச்சு என்று மலையாளத்தில் கத்தியது கேட்டது. செருப்பு ஒன்று சந்து முனையில் கழன்றது, எடுக்கவில்லை. ஐம்பது வயதுக்காரன் ஒற்றைச் செருப்போடு ஓடுவதைப் பார்த்து இரண்டு பேர் வழிவிட்டார்கள், ஒருவர் சிரித்தார்.

அவள் வாசலில் நின்றிருந்தாள். முழுசாக, நல்லபடியாக. கையில் போன்.

"என்னம்மா? என்னாச்சு?" மூச்சு வரவில்லை எனக்கு.

"ஒண்ணும் ஆகலை."

"பின்னே?"

அவள் போனைப் பார்த்தாள். "ஆறு நிமிஷம்" என்றாள். "கடையிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும்னு எனக்குப் பாக்கணும்னு இருந்துச்சு. ரொம்ப நாளா."

ஆறு நிமிஷத்தில் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று நான் எந்த டாக்டரையும் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள். அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. நான் படியின் மறுகோடியில் உட்கார்ந்தேன். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். பொய்யாக ஒன்றும் வாயில் வரவில்லை.

"முட்டிவலி இப்போதான் வந்துச்சு" என்றேன். "அன்னைக்குன்னா அஞ்சு நிமிஷத்துல வந்திருப்பேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"ஆமா" என்றாள். "அஞ்சு."